முதலில் ரகசியக் கணக்கு, அப்புறம் காட்சி: விக்டோரியா கால நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்குவது எப்படி

தடிமனான நாவல் ஒன்றைத் தொடராக்க உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் காட்சிப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஐம்பதாவது காட்சிக்குள் மூச்சு வாங்கும். நாவலில் கால்வாசிகூடத் தாண்டியிருக்காது. அதற்கு முன்னால் போட வேண்டிய பட்டியல் ஒன்று இருக்கிறது: எந்த ரகசியம், யாருக்கு, எப்போது தெரியவருகிறது. விக்டோரியா கால நாவல்கள் பலவும் தவணை தவணையாக வெளிவந்தவை. வாசகர் அடுத்த தவணையையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமானால் ஏதோ ஒன்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கு கலைந்துவிட்டால் உடையையும் வசனத்தையும் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் தொடர் சப்பென்று போய்விடும்.

இந்தக் கட்டுரை ஒரே நாவலை வைத்துப் போகிறது: சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’. 1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரை மாதத் தவணையாக வந்தது. 67 அத்தியாயங்கள், ஏறக்குறைய மூன்றரை லட்சம் சொற்கள். பிபிசி இதை 1985-ல் 8 எபிசோடாகவும், 2005-ல் ஆண்ட்ரூ டேவிஸின் திரைக்கதையில் 15 எபிசோடாகவும் எடுத்தது. ஒரே மூலத்தை இரண்டு விதமாக அறுத்துத் தைத்திருப்பதால் பயிற்சிக்குத் தோதான நாவல். முடிச்சுகளை அவிழ்க்காமல் விளக்க வழியில்லை. நாவலைப் படிக்கப்போகிறவர்கள் படித்துவிட்டு வரலாம்.

கதைச் சுருக்கம் இது. ஜார்ண்டைஸ் குடும்பச் சொத்து வழக்கு லண்டன் சான்சரி நீதிமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக இழுத்துக்கொண்டிருக்கிறது. சர் லெஸ்டர் டெட்லாக் என்ற பெரிய இடத்து மனிதரின் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு காதல், அதில் ஒரு பெண் குழந்தை. பிறந்தவுடனேயே குழந்தை இறந்துவிட்டதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்தக் குழந்தைதான் எஸ்தர். இப்போது பெரியவளாகி, ஜான் ஜார்ண்டைஸின் பாதுகாப்பில் பிளீக் ஹவுஸில் வாழ்கிறாள். டெட்லாக் குடும்ப வக்கீல் டல்கிங்ஹார்ன் பழைய காதலை மோப்பம் பிடிக்கத் தொடங்குகிறார்.

உரிமை: சின்ன வேலை, ஆனால் முதல் வேலை

டிக்கன்ஸ் இறந்தது 1870-ல். ஆசிரியர் இறந்த பிறகு பிரிட்டனில் 70 ஆண்டுகளும் இந்தியாவில் 60 ஆண்டுகளும்தான் பதிப்புரிமை நீடிக்கும். மூல நாவலுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சிக்கல் மூலத்தை ஒட்டியிருப்பவற்றில் வரும். புதிய மொழிபெயர்ப்பு மொழிபெயர்த்தவருடையது. பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடையவை. முந்தைய தொடர்களில் புதிதாகச் சேர்த்தவை அந்தத் தொடர்களுக்குச் சொந்தம். 2005 தொடரில் டல்கிங்ஹார்னுக்குக் கிளாம்ப் என்ற குமாஸ்தா இருக்கிறார். நாவலில் அப்படி ஒருவர் கிடையாது. தொடரைப் பார்த்துவிட்டு நாவலைப் புரட்டுகிறவர்கள் இப்படிப்பட்ட ஆட்களைத் தெரியாமலே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டாவது வரைவு முடியும் வரை பழைய தொடர்களைப் பார்க்காமலிருப்பது நல்லது.

படிப்பது மூன்று முறை

முதல் முறை பேனாவைத் தொடாமல் படியுங்கள். எந்த இடத்தில் தூக்கம் வந்தது, எந்த இடத்தில் சோறு ஆறிப்போனது தெரியாமல் படித்தீர்கள் என்பது மட்டும் நினைவில் நின்றால் போதும். பார்வையாளரின் நிலையில் நீங்கள் இருக்கப்போவது அந்த ஒரு முறைதான்.

இரண்டாம் முறை அட்டை. அத்தியாயத்துக்கு ஒன்றாக 67 அட்டைகள். ஒரு நாளைக்கு ஆறு அத்தியாயம் என்றால் 12 நாள் வேலை. ஒவ்வொரு அட்டையிலும் ஐந்து வரி: இடம், காலம், ஆட்கள், அத்தியாயத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே என்ன மாறியது, யாருக்கு என்ன புதிதாகத் தெரிந்தது. நான்காவது வரியில் எழுத ஒன்றுமில்லை என்றால் அந்த அத்தியாயம் வெட்டுக்குப் போகலாம். முதல் அத்தியாயத்துக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். அதில் மூடுபனியும் நீதிமன்றமும் தவிர ஒன்றும் நடப்பதில்லை, ஆனால் தொடர் முழுவதற்குமான நிறம் அங்கேதான் இருக்கிறது.

‘பிளீக் ஹவுஸு’க்கு இரண்டு நிற அட்டைகள் வேண்டும். பெயர் தெரியாத ஒரு குரல் நிகழ்காலத்தில், எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்து கதை சொல்கிறது. எஸ்தர் தன் பங்கை இறந்தகாலத்தில் சொல்கிறாள். இரண்டும் மாறி மாறி வருவதால் ஒரே வாரத்து நிகழ்ச்சிகள் அத்தியாயக் கணக்கில் வெகுதூரம் விலகிக் கிடக்கும். அட்டைகளைத் தரையில் பரப்பி நாட்காட்டி வரிசைக்கு மாற்றிப் பார்த்தால்தான் பிடிபடும்.

மூன்றாம் முறை வசனத்துக்காக மட்டும். அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய வரிகளைக் கோடு போட்டு வையுங்கள்.

ரகசியக் கணக்கு

பெரிய தாளில் கட்டம் போடுங்கள். மேலே குறுக்கில் ஆட்களின் பெயர்: லேடி டெட்லாக், டல்கிங்ஹார்ன், கப்பி, எஸ்தர், சர் லெஸ்டர், இன்ஸ்பெக்டர் பக்கெட். கடைசிக் கட்டம் ‘பார்வையாளர்’. இந்தக் கட்டத்தைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். இடப்பக்கம் கீழ்நோக்கி அத்தியாய எண்கள்.

இனி நிரப்புவோம். அத்தியாயம் 2: வக்கீல் கொண்டுவந்த தாளில் இருக்கும் கையெழுத்தை லேடி டெட்லாக் அடையாளம் காண்கிறாள். அவள் அதிர்ந்ததை டல்கிங்ஹார்ன் கவனித்துவிடுகிறார். பார்வையாளருக்கு ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும். 10, 11: அந்தக் கையெழுத்துக்காரரைத் தேடிப் போகிறார் வக்கீல். நீமோ என்ற பெயரில் நகல் எழுதிப் பிழைத்தவர் அபினி உண்டு செத்துக் கிடக்கிறார். லேடி டெட்லாக்கின் பழைய காதலர் இவர்தான். 16: மாறுவேடத்தில் வரும் பெண் ஒருத்தி, தெரு பெருக்கும் ஜோ என்ற பையனிடம் அந்த மனிதரின் புதைகுழியைக் காட்டச் சொல்கிறாள். 29: வக்கீல் குமாஸ்தாவான இளைஞன் கப்பி வந்து லேடி டெட்லாக்கிடம் பேசிவிட்டுப் போகிறான், தன் மகள் சாகவில்லை, எஸ்தர்தான் அவள் என்று தாய்க்குத் தெரிகிறது. 36: தாயே எஸ்தரிடம் சொல்கிறாள்.

29-க்கும் 36-க்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பாருங்கள். 31-ல் எஸ்தர் கொடிய நோயில் விழுகிறாள். பிழைத்து எழும்போது முகத்தில் வடு. இந்த ஏழு அத்தியாயங்களிலும் நமக்குத் தெரியும், தாய்க்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. மகள் படுக்கையில் கிடக்கும் காட்சி சும்மாவே கனக்கும். இந்த இடைவெளி இருப்பதால் இரண்டு மடங்கு கனக்கும். எஸ்தருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் எல்லாம் வழக்கமான நோய்க் காட்சியாகிவிடும்.

புதியவர்கள் கையில் இது எப்படிக் கெடுகிறது? பெரும்பாலும் ஃப்ளாஷ்பேக்கால். முதல் எபிசோடிலேயே இளம் காதலர்கள், பிரிவு, குழந்தையின் அழுகை என்று போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டாம் அத்தியாயக் காட்சியில் அவள் ஏன் மயங்கினாள் என்று யார் கேட்பார்கள்? இன்னொரு வழி நடிகர் தேர்வு. தாயும் மகளும் அச்சில் வார்த்தது போல் இருந்தால் முதல் அரைமணியிலேயே வீட்டில் இருக்கிற பாட்டி சொல்லிவிடுவார். ஜாடை வேண்டும், எடுத்துக்காட்டினால் தெரிகிற அளவுக்கு மட்டும். கதையிலேயே கப்பி அதைக் கண்டுபிடிப்பது லேடி டெட்லாக்கின் ஓவியத்தைப் பார்த்துத்தான்.

கொலைக்குக் கணக்கு வேறு. 48-ல் டல்கிங்ஹார்ன் சுடப்படுகிறார். இங்கே பார்வையாளர் பின்னால் இருக்கிறார், பக்கெட் முன்னால் ஓடுகிறார். 54-ல் பணிப்பெண் ஹோர்டன்ஸ்தான் செய்தாள் என்று அவர் நிரூபிக்கும்போது பார்வையாளர் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று நினைக்கக் கூடாது. 42-ல் அவளும் வக்கீலும் மோதிக்கொள்வதும் அவர் அவளைச் சிறையில் தள்ளுவதாக மிரட்டுவதும் அதற்காகவே இருக்கின்றன. நேரமில்லை என்று அந்தக் காட்சியை வெட்டினால் ஆறு எபிசோட் கழித்து வலிக்கும்.

நிமிடக் கணக்கு, கடைசியிலிருந்து

மூன்றரை லட்சம் சொற்களை நிமிடத்துக்கு 150 வீதம் உரக்கப் படித்தால் கிட்டத்தட்ட 39 மணி நேரம். 2005 தொடர் ஒரு மணி நேர எபிசோட் ஒன்றும் அரைமணி எபிசோட் பதினான்குமாக மொத்தம் 8 மணி நேரம். ஐந்தில் ஒரு பங்குதான் திரைக்குப் போகிறது. இந்த விகிதத்தை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். விளம்பரம் இல்லாத பிபிசியிலேயே அரைமணி இடத்தில் 28, 29 நிமிடம்தான் கிடைக்கும். விளம்பர சேனலில் ஒரு மணி நேரம் என்பது 45-லிருந்து 48 நிமிடம். நடுவில் வரும் ஒவ்வொரு இடைவேளைக்கும் ஒரு கொக்கி வேறு தேவைப்படும்.

வடிவத் தேர்வு கதையின் நடையையே மாற்றும். 2005-ல் அரைமணித் துண்டுகளாக, ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ என்ற தினசரி வாழ்க்கைத் தொடர் முடிந்த கையோடு, வாரம் இரண்டாக ஒளிபரப்பினார்கள். டிக்கன்ஸுக்கு அது பொருந்தியது, மூலமே துண்டுபோட்டு விற்றதுதானே. மாதம் 32 பக்கம், இரண்டு படம், விலை ஒரு ஷில்லிங். வார இதழில் ‘தொடரும்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதற்காக ஒரு மாதத் தவணைக்கு ஒரு எபிசோட் என்று வைத்துவிடாதீர்கள். முதல் தவணையான 1-லிருந்து 4 வரையுள்ள அத்தியாயங்களில் நீதிமன்றம், டெட்லாக் மாளிகை, எஸ்தரின் குழந்தைப் பருவம், திருமதி ஜெலிபியின் அலங்கோலமான வீடு என நான்கு தனி உலகங்கள். ஒரே அரைமணியில் நான்கையும் திணித்தால் யார் எவர் என்றே புரியாது. 2005-ல் முதல் எபிசோடுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் சில தவணை முடிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். பத்தாவது தவணை 32-ஆம் அத்தியாயத்தோடு, நீமோ குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் குரூக் எரிந்துபோனதில் முடிகிறது. பதினெட்டாவது, கல்லறை வாசலில் லேடி டெட்லாக் இறந்து கிடப்பதில் முடிகிறது.

நேரத்தைப் பிரிப்பது பின்னாலிருந்து முன்னால். கடைசி எபிசோடின் சுருக்கத்தை முதலில் எழுதுங்கள். அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று வாருங்கள். முன்னாலிருந்து எழுதினால் முதல் மூன்று எபிசோடில் எல்லா வேடிக்கை மனிதர்களுக்கும் இடம் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டில் சாவு, தீர்ப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் ஓட்டமாக முடிக்க வேண்டிவரும். விக்டோரியா நாவல் தொடர்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிற கோளாறு இதுதான்.

அரைமணி எபிசோடுக்கு 22-லிருந்து 25 காட்சிகள் தாங்கும். அவற்றை இழைகளாகப் பிரியுங்கள். லேடி டெட்லாக்கின் ரகசியம் சிவப்பு. ரிச்சர்ட் என்ற இளைஞன் வழக்கில் விழுந்து அழிவது நீலம். எஸ்தர், ஜார்ண்டைஸ், டாக்டர் வுட்கோர்ட் மூவரின் உறவு பச்சை. ஒரு எபிசோடில் ஒரு இழை பத்து காட்சி எடுத்துக்கொண்டால் அடுத்தது ஏழு, மூன்றாவது நான்கு. மீதி இரண்டு மூன்று காட்சிகள் ஜோ மாதிரி இழைகளை இணைத்துத் தைக்கிற ஆட்களுக்கு. எல்லா எபிசோடிலும் சிவப்பே முன்னால் நின்றால் ரிச்சர்ட் சாகும்போது யாருக்கும் துக்கம் வராது. எபிசோட் முடிவுகளையும் வகை பிரித்துப் பாருங்கள்: செய்தி வந்து சேர்வது, யாரோ ஒருவர் முடிவெடுப்பது, உயிருக்கு ஆபத்து, எதிர்பாராத ஆள் உள்ளே நுழைவது. ஒரே வகையை அடுத்தடுத்து இரண்டு முறை போடாதீர்கள்.

ஆட்களைக் குறைப்பது, ஓர் ஆளைச் சேர்ப்பது

நாவலில் பெயருள்ளவர்கள் ஏராளம். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே கேள்வி: இவர் போனால் ரகசியக் கணக்கில் ஏதாவது கட்டம் காலியாகுமா? ஆகாது என்றால் போகலாம். 2005 தொடரில் பேக்னெட் குடும்பம் இல்லை. நாவலில் அவர்கள் அருமையான குடும்பம்தான்; ஆனாலும் இல்லாமல் கதை நடக்கிறது.

சேர்ப்பது குறைப்பதைவிட நுட்பமான வேலை. டல்கிங்ஹார்ன் மனத்தில் ஓடுவதை நாவலில் கதைசொல்லி சொல்லிவிடுகிறார். திரையில் அவர் தனியாக உட்கார்ந்து ஒயின் குடித்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அந்தக் குமாஸ்தா. எதையும் யாரிடமும் சொல்லாத ஒருவருக்கு, வேலை ஏவவாவது ஓர் ஆள். உங்கள் நாவலிலும் இப்படி ஒரு மௌனி இருந்தால் முதலில் நாவலுக்குள்ளேயே வேலைக்காரர், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது சும்மா இருக்கிறார்களா பாருங்கள். இல்லாவிட்டால் மட்டும் புது ஆள்.

வுட்கோர்ட் விஷயத்தில் எதிர்த் திசையில் போக வேண்டும். கடைசியில் எஸ்தரைக் கல்யாணம் செய்துகொள்கிறவர் அவர்தான், ஆனால் நாவலின் முற்பகுதியில் எஸ்தர் அவரைப் பற்றிக் கூச்சத்தோடு ஓரமாகத்தான் எழுதுகிறாள். திரையில் ஓரமாக வந்தவர் கடைசியில் மாப்பிள்ளையானால் யாரும் ஒப்பமாட்டார்கள். தீர்வு நாவலிலேயே இருக்கிறது: 11-ல் நீமோவின் பிணத்தருகே நிற்கும் கருத்த இளம் மருத்துவர் வுட்கோர்ட்தான். அங்கேயே அவர் முகத்தை நன்றாகப் பதிய வையுங்கள். சிவப்பு இழையும் பச்சை இழையும் அங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்ப்போம்

அத்தியாயம் 2. நாவலில் பல பக்கம், பெரும்பகுதி கதைசொல்லியின் கிண்டல். திரைக்கதையில் இவ்வளவுதான்:

உள். லண்டன், டெட்லாக் மாளிகை, வரவேற்பறை. மங்கலான பிற்பகல்.

கணப்பு கொழுந்துவிட்டு எரிகிறது. முகத்தில் அனல் படாமல் லேடி டெட்லாக் விசிறி போன்ற சிறு கைத்தட்டி ஒன்றைப் பிடித்திருக்கிறாள். டல்கிங்ஹார்ன் பத்திரம் வாசிக்கிறார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. சர் லெஸ்டருக்குக் கண் சொக்குகிறது.

சூடு தாங்காமல் அவள் சற்றுத் தள்ளி உட்காருகிறாள். மேஜைமேல் தாள்கள். பார்வை போகிற போக்கில் விழுந்து விலகுகிறது. மறுபடி விழுகிறது.

லேடி டெட்லாக்: இதை நகல் எழுதியது யார்?

வாசிப்பு நிற்கிறது.

லேடி டெட்லாக்: வக்கீல் எழுத்து என்கிறீர்களே, அது இதுதானா?

டல்கிங்ஹார்ன்: முழுக்க அப்படிச் சொல்வதற்கில்லை. கை முதலில் வேறு விதமாகப் பழகியிருக்கிறது. சட்ட எழுத்துச் சாயல் பிற்பாடு வந்தது. ஏன் கேட்கிறீர்கள்?

லேடி டெட்லாக்: சலிப்புக்கு ஒரு மாறுதல், அவ்வளவுதான். வாசியுங்கள்.

வாசிக்கிறார். கைத்தட்டி மெல்லத் தாழ்கிறது. அனல் நேராக அவள் முகத்தில் அடிக்கிறது; அவள் அதை உணரவில்லை.

சுமார் ஒன்றேகால் பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. 75 விநாடி வரும். பார்வை இரண்டு முறை விழுவதில்தான் காட்சி இருக்கிறது. ஒரே முறை விழுந்து முகம் மாறினால் நாடக மேடையாகிவிடும். காட்சியை அவள் மயங்குவதோடு முடிக்காதீர்கள். அவளை அழைத்துச் சென்ற பிறகு, வக்கீல் அந்த ஒரு தாளை மட்டும் கட்டிலிருந்து பிரித்துத் தனியே வைக்கட்டும். கதையை நகர்த்தப்போவது அவர்.

வக்கீலின் பதில் கலைப்பொருள் துறைக்குப் போட்ட உத்தரவு மாதிரி இருப்பதையும் பாருங்கள். அந்தக் கையெழுத்தை ஒரே எழுத்தோவியர் இரண்டு விதமாக எழுத வேண்டும்: நீமோ கேப்டனாக இருந்த நாட்களின் காதல் கடிதங்களில் இயல்பான கை, நகல் தாள்களில் அதே கையின் மேல் சட்ட எழுத்தின் விறைப்பு. எழுத்துகளின் வால் சுழிவது இரண்டிலும் ஒன்றாக இருந்தால் குளோசப்பில் பார்வையாளர் தானே கண்டுபிடிப்பார். ஒரு பிரதி போதாது. கசங்கும், மெழுகு சொட்டும், டேக் மேல் டேக் போகும். முக்கியத் தாளுக்குப் பத்துப் பிரதியாவது கையில் இருக்கட்டும்.

கதைசொல்லியின் குரலை என்ன செய்வது

வாய்ஸ் ஓவர் எளிதான வழி, அதனாலேயே ஆபத்து. எஸ்தர் பின்னணியில் பேசிக்கொண்டே இருந்தால் அவள் இல்லாத வீடுகளுக்குள் கேமரா போகும்போதெல்லாம் ‘இது இவளுக்கு எப்படித் தெரியும்’ என்ற கேள்வி எழும். பயன்படுத்தினால் ஒரே இடத்தில், அழுத்தமாக. 1994-ல் பிபிசி எடுத்த ‘மிடில்மார்ச்’ தொடரில் ஜூடி டென்ச்சின் குரல் முடிவில் வந்து நாவலின் இறுதி வரிகளைச் சொல்கிறது.

கதைசொல்லியின் கருத்தைப் பொருளாக மாற்றுவது மேலான வழி. சான்சரி நீதிமன்றம் எப்படி இயங்கியது என்று வசனத்தில் விளக்க ஆரம்பித்தால் பத்து நிமிடம் போய்விடும். பார்வையாளருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: செலவு சொத்திலிருந்தே போகிறது, வழக்கு நீள நீளச் சொத்து கரைகிறது. 65-ல் வழக்கு முடியும்போது கட்டுக்கட்டாகக் காகிதங்களைச் சுமந்து வெளியே கொண்டுவந்து போடுகிறார்கள். சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சொத்து முழுக்கச் செலவிலேயே போய்விட்டது. அந்தக் காகித மூட்டைகளை முதல் எபிசோடிலேயே, கொஞ்சம் சிறியதாக, காட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை நீதிமன்றம் வரும்போதும் மூட்டை பெருக்கட்டும்.

குரூக் தானாகவே பற்றி எரிந்து சாவதும் இதே சிக்கல்தான். டிக்கன்ஸ் எழுதிய காலத்திலேயே விமர்சகர் ஜி. எச். லூயிஸ் இது அறிவியலுக்கு ஒவ்வாதது என்று எதிர்த்தார். எரிகிற மனிதனைத் திரையில் காட்டினால் சிரிப்பு வரும். நாவல் என்ன செய்கிறது? கப்பியும் நண்பனும் மேல்மாடியில் நள்ளிரவுக்காகக் காத்திருக்கிறார்கள். சட்டையில் கரி படிகிறது. ஏதோ கருகிய வாடை. ஜன்னல் விளிம்பில் கை வைத்தவனின் விரலில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டுகிறது. கீழே இறங்கினால் ஆள் இல்லை. அந்த வரிசையை அப்படியே எடுங்கள். பிசுபிசுப்புக்கு ஒரு குளோசப், வாடைக்கு இரண்டு முகங்களின் சுளிப்பு. தீ தேவையே இல்லை.

வசனம்

டிக்கன்ஸின் ஆட்கள் சாதாரணமாக ஒரு மூச்சில் 200 சொல் பேசுவார்கள். அது ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல். அவருடைய சொற்களை வைத்துக்கொண்டு சுற்றிவளைப்பை மட்டும் வெட்டுங்கள். இன்றைய பேச்சாக மாற்றாதீர்கள், இல்லாத பழமையையும் பூசாதீர்கள். முடித்ததும் உரக்கப் படித்துப் பார்த்தால் நாக்கு தடுக்குகிற இடம் தானே தெரியும்.

விளிச்சொல்லில் வழுக்காதவர்கள் குறைவு. சர் லெஸ்டர் டெட்லாக்கை ‘சர் லெஸ்டர்’ என்றுதான் அழைக்க வேண்டும்; ‘சர் டெட்லாக்’ கிடையாது. மனைவி ‘லேடி டெட்லாக்’. அவள் பெயர் ஹொனோரியா என்பதற்காக ‘லேடி ஹொனோரியா’ என்றால் அவள் வேறு அந்தஸ்தில் பிறந்தவளாகிவிடுவாள். கப்பி எஸ்தரிடம் காதலைச் சொல்லும்போதும் குடும்பப் பெயரில் ‘மிஸ் சம்மர்சன்’தான்.

எந்த ஆண்டு?

நாவல் ஆண்டைச் சொல்வதில்லை, ஆனால் உடைத் துறை முதல் கூட்டத்திலேயே கேட்கும். தடயங்களை வைத்து நீங்களே முடிவு செய்ய வேண்டும். பக்கெட் துப்பறியும் போலீஸ்காரர். லண்டன் போலீஸில் துப்பறியும் பிரிவு தொடங்கியது 1842-ல். லிங்கன்ஷைர் பக்கம் ரயில் பாதை இன்னும் வேலை நடக்கிற நிலையில்தான் இருக்கிறது. லிங்கன் நகருக்கு ரயில் வந்தது 1846-ல். நடுவில் 1843, 1844 என்று வைத்தால் இரண்டும் உதைக்காது.

ஆண்டு முடிவானதும் மற்றவை வரிசையில் வரும். பென்னி தபால் 1840-ல் வந்துவிட்டது, ஆக கடிதத்தில் தபால்தலை ஒட்டலாம். கம்பி வளையப் பாவாடை 1856-க்குப் பிறகுதான் பரவியது. அதற்கு முன் உள்பாவாடைகளை அடுக்கித்தான் விரிவு காட்டினார்கள். பெர்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்ததும் 1856-ல். பளீரென்ற ஊதாப் பட்டை அலமாரியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

படப்பிடிப்புக்காக எழுதுவது

480 நிமிடம் என்றால் சுமார் 480 பக்கம். நாளைக்கு ஐந்து பக்கம் எடுத்தால் 96 நாள்; வாரம் ஐந்து நாள் என்றால் 19 வாரத்துக்கு மேல். கூட்டமும் குதிரையும் உள்ள நாட்களில் மூன்று பக்கம்கூட நகராது. எபிசோட் வரிசையில் யாரும் எடுப்பதில்லை. ஒரு மாளிகை கிடைத்தால் பதினைந்து எபிசோடிலும் அங்கே நடப்பவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். 2005-ல் டெட்லாக்கின் கிராமத்து மாளிகைக்குக் கென்ட்டில் உள்ள காப்ஹாம் ஹாலையும், பிளீக் ஹவுஸின் வெளித்தோற்றத்துக்கு எசெக்ஸில் உள்ள இங்கேட்ஸ்டோன் ஹாலையும் பயன்படுத்தினார்கள். அதனால் கடைசி எபிசோட் எழுதி முடியாமல் முதல் நாள் ஷூட்டிங் போகக் கூடாது. போனால், மாளிகையைக் காலி செய்த பிறகு அங்கே நடக்க வேண்டிய இன்னொரு காட்சி உங்களுக்குத் தோன்றும்.

எழுதும்போதே இடங்களை எண்ணுங்கள். ஒரே ஒரு காட்சிக்காக வரும் இடம் இருந்தால் அந்தக் காட்சியை ஏற்கெனவே உள்ள இடத்துக்கு மாற்ற முடியுமா பாருங்கள்; லாரிகளைக் கிளப்பி வேறு இடத்தில் இறக்கினால் அரை நாள் போய்விடும். தெருவில் குதிரை வண்டி ஓடும்போது முக்கிய வசனம் வைக்காதீர்கள், குளம்புச் சத்தத்தில் மொத்தமும் டப்பிங்குக்குப் போகும். பழமையான மாளிகைகள் பலவற்றில் திறந்த நெருப்புக்கு அனுமதி கிடைக்காது, புகை இயந்திரம் போட்டால் தீ எச்சரிக்கை மணி அலறும். மூடுபனியை வாசலுக்கு வெளியே வைத்து எழுதுங்கள். மெழுகுவர்த்திக்கு அனுமதி இருந்தாலும் கன்டினியூட்டி பிரச்சினை: காட்சிக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரே உயரத்தில் வெட்டிய வர்த்திகளைத் தட்டில் தயாராக வைத்திருப்பார்கள். ஜோவாக நடிப்பது சிறுவன் என்றால் பிரிட்டனில் உள்ளூராட்சி அனுமதி வேண்டும், அவன் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பும் உண்டு. அவன் சாகும் காட்சியை நீண்ட இரவுக் காட்சியாக எழுதாதீர்கள். எஸ்தரின் வடுவுக்கு ஒப்பனை எவ்வளவு, எந்தக் காட்சியிலிருந்து, எந்தக் காட்சிக்குள் எவ்வளவு மங்குகிறது என்று எழுத்திலேயே மூன்று நிலையாகக் குறித்துக் கொடுத்தால் ஒப்பனைக்காரர் கேமரா முன்னால் ஒரு முறை சோதித்துப் பார்த்துப் புகைப்படத்தோடு வைத்துக்கொள்வார்.

ஷூட்டிங்குக்கு முன் எல்லா நடிகர்களும் உட்கார்ந்து படிக்கிற நாளில் ஸ்டாப்வாட்ச் வையுங்கள். படிக்கும்போது 31 நிமிடம் வந்தால் திரையில் 34 ஆகும், பார்வையும் மௌனமும் சேர்வதால். அந்த இடத்திலேயே ஆறு காட்சிகளுக்குப் பக்கத்தில் ‘போகலாம்’ என்று பென்சிலில் குறித்துவிடுங்கள். குறிக்கும் முன் ரகசியக் கட்டத்தைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். ‘பார்வையாளர்’ என்ற கட்டத்தில் குறிப்பு உள்ள காட்சி மேல் பென்சில் போகக் கூடாது.